கடப்பைக் கல்லின் மேல் கம்ப்யூட்டர்

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் அப்கிரேட். மாலையில் அவமானம். அவமானம் சுஹேலுக்கு, அதனால் எனக்கு மாலை நன்றாகவே போனது.

என் அண்ணன் சுஹேல் ஷூ கம்பெனிகளுக்கு பேட்டர்ன் வரைகிறவன். ஒரு ஷூவுக்கு எத்தனை தோல் துண்டு, எந்தத் துண்டுக்கு எந்த வளைவு, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அந்த சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் பழைய ஓ.எஸ்.ஸில் ஏறாது என்றான். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ஈ ஓட்டும் தங்கை வீட்டில் இருக்கும்போது கடைக்குக் கொடுப்பானேன்? நானே புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. அத்தோடு எழுந்து போயிருந்தால் நான் நல்ல பெண்.

ஆனால் புதுசுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வேண்டாமா? நீலத் திரையில் வெள்ளை எழுத்தில், "உங்கள் ஹார்டு டிஸ்க் காலமானது. மலர் வளையம் ஏற்கப்படாது" என்று இங்கிலீஷில் ஒரு படம் செய்து வால்பேப்பராக வைத்தேன். இரண்டாவது வரியைப் படித்திருந்தாலே போதும். படிக்கிற ஆளா அவன்? பெட்டியைப் பிடுங்கி பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு பஜாருக்குப் பறந்தான். கம்ப்யூட்டர் கடைப் பூவரசன் அண்ணன் ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு, "சுஹேல் பாய், இதுக்கு டாக்டர் வேணாம். வால்பேப்பரை மாத்துங்க, போதும்" என்றாராம். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்களாம்.

திரும்பி வந்தவன் பெட்டியைத் தன் அறைக்குக் கொண்டுபோகவில்லை. ஹாலில், சுவரில் பதித்த நீளமான கடப்பைக் கல் மேடையின் ஓரத்தில் வைத்தான்.

"இனிமே இது இங்கதான். அம்மி கண்ணு முன்னாடி. எவ கை வைக்கிறான்னு பாக்கறேன்."

அப்பா மௌத் ஆன பிறகு இந்த வீட்டுக்கு மேனேஜிங் டைரக்டர் அவன்தான். இருபத்தைந்து வயதில் அறுபது வயது மூஞ்சி.

வீட்டில் உருது, அதனால் அம்மா எங்களுக்கு அம்மி; டைரியில் தமிழ். அவன் உருது மீடியம், நான் தமிழ் மீடியம். இதைவிட நல்ல பாஸ்வேர்டு கிடையாது. அவன் உருதுவில் திட்டியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். சூடு கொஞ்சமும் கம்மி ஆகவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நிஜமாகவே எரர் வந்துவிட்டது. "டிஸ்கைப் படிக்க முடியவில்லை."

சுஹேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இன்னாடீ, ஒரே ஜோக்கை எத்தினி வாட்டி சொல்லுவ?"

"இது நான் இல்ல."

"அன்னைக்கும் இதேதான் சொன்ன."

சொன்னேன்தான். பொய்யை முந்தாநாளே செலவழித்துவிட்டேன். இன்று உண்மையை நீட்டினால் செல்லாத நோட்டு என்கிறான்.

ஏப்ரல் 19, சனி

டிஸ்க் செக் ஓட்டினேன். ஒயரைக் கழற்றி வேறு ஒயர் போட்டேன். கடைசியில் புது ஓ.எஸ்.ஸையே எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். அதிலும் எரர்! அப்படியென்றால் அப்கிரேடின் மேல் தப்பில்லை என்றுதானே அர்த்தம்? சுஹேலிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்ன பதில்: "பழசையும் கெடுத்துட்டியா?"

இவனிடம் லாஜிக் பேசுவதைவிட அமிர்தி ஜூவில் போய்க் குரங்கிடம் பேசலாம். அது காது கொடுத்தாவது கேட்கும்.

மறுபடி புதியதைப் போட்டேன். கல்மேடையின் அடுத்த ஓரத்தில் அம்மி தன் வேலையில் இருந்தாள். கம்பெனியிலிருந்து ஆட்டோவில் மூட்டை மூட்டையாக ஷூத் தோல் துண்டுகள் வரும். ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடக்கி, சுத்தியால் தட்டிப் படிய வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த நேரமும் சொல்யூஷன் உண்டு. டப்பாவில். தோலை ஒட்டத்தான் ஆகும்.

டொக். டொக். டொக். இந்தத் தாளத்தில் எனக்கு ஒரு யோசனையும் வரமாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 23, புதன்

பெட்டி இரண்டு நாள் பூவரசன் அண்ணன் கடையில் இருந்தது. ராப்பகலாக ஓடவிட்டாராம். ஒரு எரர் கூட இல்லை. "மெஷின் தங்கம் பாய். வீட்லதான் யாரோ விளையாடுறாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீட்ல யாரோ! பேரைச் சொல்லியே அனுப்பியிருக்கலாம்.

பெட்டி மறுபடி கல்மேடைக்கு வந்தது. ஒன்பது மணிக்கு ஆன் பண்ணினான். அம்மி டிபன் முடித்து வேலைக்கு உட்கார்ந்தாள். பத்து மணிக்குள் எரர். சுஹேல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தோல் பதனிடும் ஷாப்பில் போட்டிருந்தால் ஒரு ஆட்டுத்தோல் அப்படியே பதமாகியிருக்கும். நான் பெட்டிக்குப் பத்தடி தள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "ரிமோட் வெச்சிருக்கியா?" என்று கேட்டான். சத்தியமாகக் கேட்டான்!

ஏப்ரல் 26, சனி

எரரைத் தமிழில் பிழை என்கிறோம். இன்று பிழை வந்து பிழைப்பைத் தின்றது.

ராணிப்பேட்டை கம்பெனிக்கு அவன் பத்து நாளாக வரைந்த லேடீஸ் ஷூ பேட்டர்ன். ஃபைல் திறக்கவே இல்லை. சாம்பிள் கொடுக்க வேண்டிய நாள் போய்விட்டது. வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"பி.சி.ஏ. சேரணும்னு சொன்ன இல்ல? வேணாம். பி.ஏ. வரலாறு படி. அதுல நீ உடைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் ஏற்கெனவே உடைஞ்சதுதான்."

எட்டாம் வகுப்பிலிருந்து நான் கேட்டது அந்த ஒன்றைத்தான். வாணியம்பாடியில் பி.சி.ஏ. அவன் ஒரு பருக்கையைத் தட்டிவிடுவது மாதிரித் தட்டிவிட்டான்.

நான் செய்யலடா. செய்யல, செய்யல, செய்யல.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவன் டீயில் உப்பு போட்டேன். அதை நான்தான் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

மே 3, சனி

இரண்டு நாளாக ஒரு எரரும் இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் எதையும் தொடவில்லை. சுஹேல் "பயந்துட்டா" என்று அம்மியிடம் பெருமையடிக்கிறான். நான் எதற்குப் பயப்பட? பேய் படம் பார்த்துக்கொண்டே முட்டை போண்டா தின்கிறவள் நான்.

வேறு விசேஷம் இல்லை. தோலுக்குக் கலர் சரியாக ஏறவில்லையாம், கம்பெனியிலிருந்து மூட்டை வரவில்லை. வேலை இல்லாமல் அம்மிக்குத்தான் பேஜார். வீட்டையே மூன்று தடவை பெருக்கினாள்.

மே 5, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்கவே கூடாது.

காலையில் மூட்டை வந்தது. சுஹேல் கம்பெனிக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரத்தில் ஃபைல்களையாவது காப்பாற்றலாம் என்று ஒரு பென் டிரைவில் காப்பி போட்டேன். திரையில் பச்சைக் கோடு ஓடியது. அம்மி உட்கார்ந்தாள். முதல் டொக். கோடு நின்றது. டொக் டொக். நின்றது நின்றபடியே. அம்மி சொல்யூஷன் தடவச் சுத்தியைக் கீழே வைத்தாள். கோடு நகர்ந்தது.

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான்.

"அம்மி, டீ போடேன்." எழுந்து போனாள். கோடு ஓடியது. வந்து தட்டினாள். நின்றது. "அம்மி, இன்னொரு டீ." ஓடியது. "இன்னாடீ உனக்கு, வயித்துல டீக்கடை வெச்சிருக்கியா?" என்றாள். நாலாவது டீயில் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

ஒரே கல். ஒரு ஓரத்தில் சுத்தி, மறு ஓரத்தில் பெட்டி. உள்ளே டிஸ்க், அதைப் படிக்கும் முள்ளுக்கு மயிரிழை இடைவெளியில் சுழல்கிறது. ஒவ்வொரு தட்டும் கல்வழியாகப் போய் அதை உலுக்குகிறது. அவன் அறையில் மர மேஜை மேல் இருந்தவரைக்கும் இது வரவில்லை. கடையில் வரவில்லை. மூட்டை வராத நாளில் வரவில்லை. அப்கிரேட் பண்ணிய அன்றே பெட்டி இடம் மாறியதால் எல்லாப் பழியும் அப்கிரேடின் மேல், அதாவது என் தலையில்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி அடித்தாள், டிஸ்க் நகர்ந்தது.

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் போட்டு உடைப்பதாக இருந்தேன். "மேனேஜிங் டைரக்டர் அவர்களே, பெட்டியை இங்கே வைத்தது யார்?" என்று தொடங்குவதாக ஒத்திகை கூடப் பார்த்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் சுஹேல் திறந்துவிட்டான். பேரணாம்பட்டிலிருந்து அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். "அதுக்குள்ள இந்த வேலையை நிறுத்திடுங்க அம்மி. நான் டிசைனர்னு சொல்லிக்கினு இருக்கேன். என் அம்மி வீட்ல சுத்தி புடிக்கிறாங்கன்னா எனக்குத்தான் அசிங்கம்."

"எத்தினி நாளா இதே பாட்டு?" என்றாள் அம்மி. "என் வேலையால உனக்கு இன்னா நஷ்டம்? ஒரே ஒரு நஷ்டம் காட்டு. நாளைக்கே விட்டுடறேன்."

அவனால் ஒன்றும் காட்ட முடியவில்லை.

என்னால் முடியும். வாயில் ரொட்டியை வைத்து அடைத்துக்கொண்டேன்.

அப்பா போன பிறகு அம்மி சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். பக்கத்து வீட்டு ரஃபி மாமு பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள். சுத்தி கைக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் குரலே வந்தது. சுஹேலிடம் சொன்னால் பிடுங்குவான். அம்மியிடம் சொன்னால் அதைவிட மோசம், தானாகவே விட்டுவிடுவாள்.

எனக்கு பி.சி.ஏ.வும் வேண்டும். சுத்திச் சத்தமும் வேண்டும். ரெண்டும் வேணும்னா எப்டி?

மே 6, செவ்வாய்

நேர்வழியை முயன்று பார்த்தேன். "பெட்டியை உன் ரூமுக்கே எடுத்துக்கினு போயேன்."

"ஏன், அம்மி கண்ணுல படாம நோண்டவா?"

நேர்வழி முடிந்தது.

மே 8, வியாழன்

ரிசல்ட். கம்ப்யூட்டர் சயின்ஸில் தொண்ணூற்றெட்டு. அம்மி வீதி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். சுஹேல், "அந்த ரெண்டு மார்க் நம்ம பொட்டியைக் கெடுத்ததுக்கு கட் பண்ணிட்டாங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பை ஒரு நாள் சுருட்டி அவன் ஷூவுக்குள்ளேயே திணிப்பேன்.

மே 11, ஞாயிறு

குறுக்கு வழி.

பேரணாம்பட்டு ஆட்கள் வந்தார்கள். பெண்ணின் அம்மா ரஃபத் ஜஹான், கூட அவர் தம்பி. சுஹேல் காலையிலேயே அம்மியின் மூட்டை மேல் போர்வையைப் போர்த்தி, சொல்யூஷன் வாடைக்கு ஊதுவத்தி வைத்து, கம்ப்யூட்டரில் தான் வரைந்த ஷூப் படத்தைத் திறந்து வைத்தான். மாப்பிள்ளை டிசைனராம், தெரிய வேண்டுமாம்.

கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் திரையில் படங்கள் ஓடும். என்ன படங்கள் என்பதை நேற்று அவன் குளிக்கப் போனபோது நான் முடிவு செய்திருந்தேன்.

டீ வந்தது. ரஃபத் ஜஹான் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். சுஹேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். அடுத்த படம், வாய் இன்னும் பெரிசு. மூன்றாவதில் மேலுதட்டில் ஒரு ஈ. கீழே இங்கிலீஷில்: "புது மாடல். வாய் சைஸ் பத்து."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் டீ புடவையில் கொட்டியது. தம்பிக்காரர் இருமுவது போல் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சுஹேல் கையை ஓங்கினான். அம்மி குறுக்கே வந்தாள். ஆனால் அவளும் என்னைப் பார்த்து, "சீ. உன்னை நம்பி இருந்தேன்" என்றாள். அடி விழுந்திருக்கலாம்.

"பி.சி.ஏ.ன்ற பேச்சே இனிமே இந்த வீட்ல வரக்கூடாது" என்று அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான். மர மேஜை மேல் வைத்தான். வெளியே பூட்டு போட்டான்.

எனக்கு வேண்டியது அதுதான். அது நடந்துவிட்டது.

அப்புறம் ஏன் அழறேன்?

மே 21, புதன்

பத்து நாள். ஒரு எரரும் இல்லை. பூவரசன் அண்ணன் சொன்னபடி எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டான். பேரணாம்பட்டு சம்பந்தமும் உறுதியாகிவிட்டது. பெண்ணின் அம்மாவுக்கு "கலகலப்பான வீடு" என்று பிடித்துப்போனதாம். அதற்கு எனக்கு நன்றி உண்டா? இல்லை.

"பாத்தீங்களா அம்மி? ஹால்லேர்ந்து எடுத்தேன், அவ கை படல. மெஷின் எப்படி ஓடுது பாருங்க."

என் கைக்கு எதிராக நானே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறேன்.

மே 24, சனி

பி.ஏ. வரலாற்றுக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டான். என் போட்டோவைக் கூட என்னிடம் கேட்கவில்லை. அதில் நான் திருடி மாதிரி இருக்கிறேன். பொருத்தம்.

மே 29, வியாழன்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் அம்மி தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். கல்லின் மறு ஓரத்தையே பார்த்தாள். பெட்டி இருந்த இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தாள். இந்தப் பக்கம் வந்து ஒரு தட்டு தட்டினாள். தண்ணீரைப் பார்த்தாள். இன்னொரு தட்டு. தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது.

"உமைமா. இங்க வா."

போனேன்.

"ஹால்லேர்ந்து எடுத்ததும் சரியாய்டுச்சுன்னு அவன் சொல்லிக்கினே இருக்கான். அது என் மண்டையில ஓடிக்கினே இருந்துச்சு. அன்னைக்கு டீ டீன்னு என்னை எழுப்பி விட்டியே. உனக்கு அப்பவே தெரியுமா?"

நான் சொம்பை எடுத்துக் கீழே வைத்தேன்.

"அந்தப் போட்டோ கூத்தும் பொட்டியை இங்கேர்ந்து எடுக்க வெக்கத்தானா?"

தலையை ஆட்டினேன்.

"பைத்தியக்காரி" என்றாள். அவ்வளவுதான். சுத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சுஹேல் அறையில் வேலையாக இருந்தான். கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒரு நஷ்டம் காட்டுன்னு உன்னைக் கேட்டேன் இல்ல? நானே காட்டறேன், பாரு."

அவன் மேஜையில், பெட்டியை ஒட்டி, சுத்தியால் ஓங்கி நாலு தட்டு. திரையில் ஷூ உறைந்தது. அப்புறம் அதே வரி: டிஸ்கைப் படிக்க முடியவில்லை.

சுஹேல் நாற்காலியோடு பின்னால் போனான். "இன்னா பண்றீங்க!"

"இத்தினி நாளும் நான்தான் பண்ணேன். இவ இல்ல. நீ என் கல்லு மேல உன் பொட்டியை வெச்ச. நான் தட்டுனது அதுக்குள்ள போச்சு. இவ கண்டுபுடிச்சா. என் வேலை போய்டும்னு வாயை மூடிக்கினா. திட்டு வாங்கினா. காலேஜை விட்டா."

அவன் என்னைப் பார்த்தான், அம்மியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். தோற்றுப்போகிறவன் கடைசியாக ஒரு சீட்டை இறக்குவானே, அப்படி மெதுவாகச் சொன்னான்: "நஷ்டம் காட்டினா வேலையை விடறேன்னு சொன்னீங்க."

நான் அம்மியின் கையிலிருந்த சுத்தியைப் பார்த்தேன்.

"என் வேலையால நஷ்டம் வந்தா விடறேன்னு சொன்னேன்" என்றாள் அம்மி. "இது உன் சந்தேகத்தால வந்த நஷ்டம். இவளைக் காவல் காக்கத்தானே இதைக் கொண்டாந்து ஹால்ல வெச்ச? பொட்டி உன் ரூம்ல, கல்லு என் ஹால்ல. நடுவுல உங்க அப்பா கட்டின சுவர் இருக்கு. ரெண்டும் அதது இடத்துல இருக்கட்டும். அந்த வரலாறை எடுத்துட்டு பி.சி.ஏ. போடு. இப்பவே போடு. நான் பாத்துக்கினு நிக்கறேன்."

நின்றாள். சுத்தி கையிலேயே இருந்தது. அவன் போனை எடுத்துக் காலேஜுக்குப் பேசினான். அங்கே "எந்தக் கோர்ஸ்?" என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று எழுத்தைச் சொல்வதற்குள் அவன் தொண்டையை இரண்டு தடவை செருமினான்.

மன்னிப்பு? அந்த ஃபைல் அவனிடம் கிடையாது.

ஜூன் 18, புதன்

காலேஜ் மூன்றாம் நாள். சுஹேல் இன்று பைக்கில் வாணியம்பாடி வரைக்கும் கொண்டு போய் விட்டான். நான் கேட்கவில்லை, அம்மியும் சொல்லவில்லை. கேட் வாசலில் இறங்கும்போது, "லேப்ல எதையும் அப்கிரேட் பண்ணித் தொலைக்காத" என்றான். நான் "உன் வாயைப் பண்ணலாம்" என்றேன். சமாதானம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாயங்காலம் வந்தபோது அம்மி வேலையில் இருந்தாள். அவன் கதவைக் கொஞ்சமாய்த் திறந்து, "மெதுவா தட்டுங்க, வேலை பாக்கறேன்" என்று கத்தினான். அம்மி நிமிராமல் இன்னும் பலமாக ஒரு தட்டு தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் காதிலும் விழுந்துவிட்டது. கதவை அறைந்து சாத்தினான். கல்மேல் இருந்த சொல்யூஷன் டப்பா ஒரு துள்ளு துள்ளியது.

நாளைக்கு முதல் வகுப்பே லேப். பைக் இனிக் கிடைக்காது, பஸ்ஸில்தான் போவேன்.